இரண்டு கற்படுக்கைகள்

துறவியரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம் பேச்சு விரைவிலேயே கணக்கெடுப்பாக மாறிவிடுகிறது. எத்தனை நாள் உண்ணாமல் இருந்தார், எத்தனை ஆண்டு வாய் திறக்காமல் இருந்தார், எந்தக் குளிரில் எந்தப் பாறையில் கிடந்தார் என்று எண்ணிக்கை ஏற ஏற நம் வியப்பும் ஏறுகிறது. இந்தக் கணக்கில் எனக்கு நெடுநாளாகவே நம்பிக்கை இல்லை. உடம்பை வருத்துவதிலேயே தவம் இருக்குமென்றால் சித்திரை வெயிலில் கல்லுடைப்பவரும் செங்கல் சூளையில் வேகிறவரும் இந்த நாட்டின் பெருந்தவசிகள் ஆகியிருக்க வேண்டும். அவர்களை யாரும் அப்படி அழைப்பதில்லை. திருக்குறளில் தவம் என்னும் அதிகாரத்தின் முதற்குறள், "உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை அற்றே தவத்திற் குரு" என்று இரண்டே செயல்களில் தவத்தை அடக்கிவிடுகிறது. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது மற்றொன்று. முதற்பாதியை நாம் கதைகதையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறோம். இரண்டாம் பாதிதான் துறவின் உள்ளீடு என்பது என் எண்ணம். தமிழ்நாட்டுச் சமணத்தின் தடங்களைப் பார்க்கப் பார்க்க அந்த எண்ணம் வலுப்பட்டே வந்திருக்கிறது.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மாங்குளம், அழகர்மலை, ஆனைமலை, கீழக்குயில்குடி என்று பட்டியல் நீளும். பள்ளிச் சுற்றுலாவில் வருகிற பிள்ளைகள் அவற்றின்மேல் படுத்துப் பார்த்து, "எப்படித்தான் தூங்கினார்களோ" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கோ அந்தப் படுக்கைகளில் தெரிகிற கடுமையைவிட, அவற்றை வெட்டியவர் காட்டிய அக்கறையே முதலில் கண்ணில் பட்டது. சித்தன்னவாசலில், ஓவியக் குடைவரைக்குச் சற்று அப்பால், பாறைச் சரிவின் ஓரமாகப் பிடித்துப் பிடித்து நடந்து போனால் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகைத்தளம் வரும். அங்குள்ள படுக்கைகள் கை வைத்தால் வழுக்கும் அளவுக்கு இழைக்கப்பட்டிருக்கின்றன. தலை வைக்கும் பக்கத்தில் தலையணைபோலக் கல்லைச் சற்றே உயர்த்தி விட்டிருக்கிறார்கள். இத்தகைய குகைகள் பலவற்றின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும். மேலிருந்து பாறையில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே படுத்திருப்பவர் மேல் விழாமல் வெளியே சொட்டிவிட வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. உடம்பை வெறுப்பதுதான் துறவு என்றால் தலையணை எதற்கு, காடி எதற்கு? ஒரு மனிதர் நனையாமல் படுக்க வேண்டும் என்று எண்ணி, உளியோடு பாறையில் ஏறிய இன்னொரு மனிதர் அங்கே இருந்திருக்கிறார்.

அந்த இன்னொரு மனிதர்கள் யார் என்பதையும் கல்வெட்டுகள் சொல்கின்றன. மாங்குளத்தில் கணி நந்தாசிரியன் என்ற முனிவருக்குக் கொடை கொடுத்தவர்களுள் நெடுஞ்செழியனின் அலுவலர் ஒருவரும் உண்டு, வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவான நிகமத்தாரும் உண்டு. அழகர்மலையில் இருப்பதோ ஒரு கடைத்தெருவே எனலாம்: உப்பு வணிகன், பணிதம் என்னும் வெல்லப்பாகு விற்ற வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன். கரூருக்கு அருகே புகளூரில் யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணருக்குச் சேர இளவரசன் இளங்கடுங்கோ கல் அறுத்துக் கொடுத்தான். அதே மலையில் கருவூர்ப் பொன் வாணிகன் ஒருவனும் தன் பங்குக்கு இடம் செய்து தந்தான். உப்பு விற்றவர், உப்பையே துறக்கக்கூடிய ஒருவருக்குப் படுக்கை கொடுத்திருக்கிறார். ஏர்முனைக்குக் கொழு விற்றவர், மண்ணில் இருக்கும் புழுவுக்கு அஞ்சி உழவையே கைக்கொள்ளாத ஒருவருக்குப் படுக்கை கொடுத்திருக்கிறார். இதில் முரண் இருப்பதாக அவர்களுள் யாருக்கும் தோன்றியிருக்காது. வாழ்ந்தாக வேண்டியதால் தாம் செய்கிற தீங்கை, அதே ஊரில் ஒருவராவது செய்யாமல் இருக்கிறார் என்பது அவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் தேவையாக இருந்திருக்கிறது.

முனிவர்கள் குகையில் தங்கியதற்கும் இதே வகையான காரணம் உண்டு. சமண முனிவர் ஓரிடத்தில் நிலையாகத் தங்கக் கூடாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்து நான்கு மாதம் மட்டும் விலக்கு. அந்த மாதங்களில் நிலமெங்கும் புல் முளைக்கும், பூச்சி பெருகும், அடியெடுத்து வைத்தால் ஏதாவது ஒன்று நசுங்கும். ஆகவே ஓரிடத்தில் அமர்ந்துவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் கவுந்தியடிகள் வழியின் இடர்களை எடுத்துச் சொல்லும் இடம் இதற்கு நல்ல சான்று. நீர்க்கரை வழியே போனால் நண்டும் நத்தையும் காலடியில் பட்டு நோகும். அந்தத் துன்பத்தை நம்மால் தாங்க முடியாது என்கிறார். வெயிலும் பசியும் கள்வரும் நிறைந்த நெடுவழியில் ஒரு கிழத் துறவிக்கு நண்டின் கால் நினைவுக்கு வருகிறது. அவர் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டவையும் மூன்றுதான்: பிச்சைப் பாத்திரம், தோளில் தொங்கும் உறி, மயிற்பீலி.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மிகக் கொடியதாகத் தெரியும் வழக்கங்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆடையையும் துறந்த திகம்பரப் பிரிவு முனிவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை தம் தலைமயிரையும் தாடியையும் கையாலேயே பறித்துக்கொள்வார்கள். தேவாரப் பாடல்கள் இதைக் கேலி செய்திருக்கின்றன. நின்றுகொண்டு கையில் வாங்கி உண்பதையும் சேர்த்தே கேலி செய்திருக்கின்றன. வலியைக் காட்டிப் பெருமை தேடுவதற்காகப் பறிப்பதில்லை. மயிர் வளர்ந்தால் பேன் பற்றும், பேனைக் கொல்ல நேரும். மழிக்கலாம் என்றால் கத்தி வேண்டும், அல்லது நாவிதரின் உதவி வேண்டும், உதவிக்குக் கூலி வேண்டும், கூலிக்குப் பணம் வேண்டும். இந்தச் சங்கிலியை முதற்கண்ணியிலேயே அறுக்கிற வழியாகத்தான் கையால் பறிக்கிறார்கள். குளிக்காமல் இருப்பதற்கு நீரில் உள்ள உயிர்கள் ஒரு காரணம். பாத்திரம் வைத்துக்கொள்ளாததற்குக் காரணம், வைத்துக்கொண்டால் அதைக் காக்க வேண்டும் என்பது. மயில் தானாக உதிர்த்த இறகால் கட்டிய பீலி மட்டும் எப்போதும் கையில் இருக்கும். உட்காரும் முன்னும் படுக்கும் முன்னும் தரையை மெல்ல வருடி, அங்கே இருக்கும் எறும்பை ஒதுக்கிவிடுவதற்காக. உடம்புக்கு வலி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வேறொரு முடிவின் விளைவாக வருகிறது.

இதையெல்லாம் ஏட்டில் படித்து வைத்திருந்த எனக்கு, நேரில் பார்த்த ஒரு காலைப்பொழுது சற்றுக் கூடுதலாகவே கற்றுக்கொடுத்தது. வந்தவாசிப் பக்கத்தில் தமிழ்ச் சமணர்கள் வாழும் ஊர்கள் பல உண்டு. சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதங்கள் உள்ள பொன்னூர் மலைக்கு வடக்கிலிருந்து முனிவர்கள் நடந்து வரும்போது இந்த ஊர்களில் தங்குவார்கள். அப்படி ஒரு முனிவர் வந்திருந்த நாளில் நண்பர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது வீடு விடியற்காலையிலிருந்தே விழித்திருந்தது தெரிந்தது. கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி வைத்திருந்தார்கள். அரிசியையும் பருப்பையும் நண்பரின் தாயார் முறத்தில் இட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் அடுக்களைப் பக்கமே வரவில்லை. முனிவர் எந்தச் சுவையை விட்டிருக்கிறார் என்பதைக் கேட்கக் கூடாதாம், அவரும் சொல்ல மாட்டாராம். உப்பையா, நெய்யையா, வெல்லத்தையா என்று தெரியாததால் உப்பிட்டது ஒன்று, உப்பில்லாதது ஒன்று என்று எல்லாவற்றையும் இரண்டாகச் சமைத்திருந்தார்கள்.

முனிவர் வலக்கை விரல்களைக் குவித்துத் தோள்மேல் வைத்தபடி தெருவில் வந்தார். அது அவர் உணவுக்காக வருகிறார் என்பதன் அடையாளம். எங்கே, எந்தக் குறியைக் கண்டால் நிற்பது என்று மனத்துக்குள் ஒரு நியமம் செய்துகொண்டு புறப்படுவார்கள். அந்தக் குறி கண்ணில் படாவிட்டால் அன்று உணவு இல்லை. எந்தக் குறி என்று யாருக்கும் தெரியாது. வாசலில் ஈரத்துணியோடு நின்றிருந்த குடும்பத்தார், "நமோஸ்து, நமோஸ்து, திஷ்ட, திஷ்ட" (வணக்கம், நில்லுங்கள்) என்று ஒரே குரலில் அழைத்தார்கள். ஒருவர் தேங்காயும் செம்பும் ஏந்தியிருந்தார், ஒருவர் வெறுங்கை கூப்பியிருந்தார். முனிவர் நின்றார். வீட்டாரின் முகத்தில் வந்த நிம்மதியை எழுத்தில் கொண்டுவர முடியாது. மனமும் சொல்லும் உடம்பும் உணவும் நீரும் தூயவை என்று சொல்லி உள்ளே அழைத்துப் போய்ப் பாதம் கழுவிப் பூசித்தார்கள். அதன்பின் அவர் ஒரு பலகைமேல் நின்று இரு கைகளையும் சேர்த்து ஏந்தினார். சோற்றைச் சிறு சிறு கவளமாக்கி ஒருவர் மாற்றி ஒருவர் அந்தக் கையில் வைக்க, அவர் கட்டை விரலால் தடவிப் பார்த்து, பிறகே வாயில் இட்டார்.

நான்காவதோ ஐந்தாவதோ கவளத்தில் கட்டை விரல் நின்றது. ஒரு மயிர். அவர் கையைப் பிரித்தார், சோறு கீழே இருந்த தாம்பாளத்தில் விழுந்தது, வாயைக் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். இதற்கு அந்தராயம் என்று பெயர். அன்றைய உணவும் நீரும் அத்துடன் முடிந்தன. அடுத்தது மறுநாள் காலைதான். அது பங்குனி மாதம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முனிவரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அரை நாழிகை அமர்ந்து இரண்டு மூன்று பேருக்கு நியமம் சொல்லி ஆசி கொடுத்துவிட்டுக் கமண்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுக்களைச் சுவரில் சாய்ந்து அழுதவர் நண்பரின் தாயார்தான். "எங்க வீட்டு வாசல்லதானா இது நடக்கணும், என் கண்ணுல ஏன் படலை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். "அழாதம்மா, நாளைக்குப் பக்கத்து ஊர்ல எடுத்துப்பார்" என்று வீட்டுப் பெரியவர் தேற்றிப் பார்த்தார். அன்று அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒருவர் உண்ணாமல் இருந்ததன் வலி வேறொருவர் மேல் இறங்கியதை அன்று நேரில் பார்த்தேன். துறவு தனி ஒருவரின் வீரம் என்ற கற்பனை அந்த அடுக்களையில் நிற்காது. பீலியும் கமண்டலமும் தவிர ஏதுமில்லாத அந்த மனிதருக்குப் பின்னால் விடியற்காலையில் எழுந்து அரிசி பார்த்த பெண்கள் இருக்கிறார்கள். "துறந்தார்க்குத் துப்புரவு வேண்டி மறந்தார்கொல் மற்றை யவர்கள் தவம்" என்று குறள் கேட்கிறது. துறந்தவர்களுக்கு உணவும் மருந்தும் உறையுளும் வேண்டும் என்பதற்காகத்தான் மற்றவர்கள் தவம் செய்ய மறந்தார்களோ என்பது அந்தக் கேள்வி. வேடிக்கைபோலக் கேட்டாலும் அதில் துல்லியமான கணக்கு இருக்கிறது. எல்லாரும் துறந்துவிட்டால் துறவே நடக்காது. துறவி உலகை விட்டுப் போவதில்லை. உலகத்திடமிருந்து எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்ள முடியும் என்று பார்க்கிறார். அவர் உண்ட சோற்றுக்கு வீட்டாரும் பட்ட பாடு உண்டென்றால், அந்தக் குறைவான அளவிலும் ஒரு கடன் தங்கியே நிற்கிறது. இதைத் தீர்க்க எந்த மரபிலும் வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தெருவில் போகும் முனிவர் உணவு கேட்கக் கூடாது, சைகை காட்டக் கூடாது, ஒரே வீட்டை எதிர்பார்க்கக் கூடாது என்ற விதிகள், அந்தக் கடன் ஒரே தோளில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

இனி மற்றொரு கற்படுக்கை. புறநானூற்றின் 246ஆம் பாட்டைப் பாடியவர் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்தபின் தீப்பாயத் துணிந்த அவரைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களிடம் அவர் தமக்கு வைக்கப்பட்டிருக்கும் மாற்று வாழ்க்கையை வரிசையாகச் சொல்லிக் காட்டுகிறார். நெய் தீண்டாத, நீரிலிருந்து கையால் பிழிந்தெடுத்த சோற்று உருண்டை. அதற்கு வெள்ளை எள் அரைத்த விழுது. புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. பருக்கைக் கல் பரப்பிய, பாய்கூட இல்லாத படுக்கை. அந்த வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லி அவர் தீயைத் தேர்ந்தார். அந்தத் தேர்வைப் போற்றுகிற மனம் எனக்கு இல்லை. ஆனால் அவர் விவரித்த படுக்கையையும் உணவையும் மட்டும் தனியாக எடுத்து வைத்தால், ஏழடிப்பட்டத்து முனிவரின் வாழ்க்கைக்கும் அதற்கும் வேறுபாடு சொல்வது கடினம். இரண்டிலும் நெய் இல்லை. இரண்டிலும் பாய் இல்லை. இரண்டிலும் கல். முனிவரின் கல்லையாவது யாரோ இழைத்துக் கொடுத்தார்கள்.

இந்தப் பாட்டு எனக்குப் பழங்கதையாகத் தோன்றாமல் போனதற்குக் காரணம், எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒருவர் இருந்ததுதான். என் பாட்டியின் அத்தை முறையானவர். பதின்ம வயதிலேயே கணவனை இழந்தவர். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை, நல்ல நாள் என்றால் பின்கட்டை விட்டு வெளியே வராமை என்று எழுபது வயது கடந்தும் வாழ்ந்தார். குடும்பத்துப் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவ தவம் பண்ணினவ" என்பார்கள். கேட்கும்போதே எரிச்சல் வரும். அவரிடம் யாராவது ஒரு நாள், "அத்தை, நீங்களும் எங்களோடு உட்கார்ந்து ராத்திரிக்குச் சாப்பிடுங்கள்" என்று சொல்லியிருந்தார்களா? அவர் எழுந்து வந்து உட்கார்ந்திருந்தால் வீடு அதை ஏற்றிருக்குமா? இரண்டுக்கும் விடை தெரிந்ததே. படுக்கையைவிட்டு எழுந்து போகும் வழி திறந்திருக்கும்போது எழாமல் கிடப்பவருடையது நோன்பு. வழியை அடைத்துவிட்டு உள்ளே இருப்பவரைத் தவசி என்று புகழ்வது, அடைத்தவர்கள் தம் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

தாமே விரும்பி ஏற்றவரிடமும் நோன்பு கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. கூடாவொழுக்கம் என்று தனி அதிகாரமே வைத்த குறள் வேடதாரிகளை நன்றாகவே சாடிவிட்டதால் அவர்களை இங்கே விட்டுவிடலாம். எனக்கு ஆர்வமூட்டுவது உண்மையாகவே நோற்றவரின் சிக்கல். முதல் தீர்த்தங்கரர் ரிஷபரின் மகனான பாகுபலியின் கதையை, வெள்ளாடை உடுத்தும் சமணப் பிரிவான சுவேதாம்பரரின் மரபு ஒரு விதமாகச் சொல்கிறது. அண்ணன் பரதனுடன் நடந்த போரில் வெற்றி கைக்கெட்டிய நொடியில் அரசைத் துறந்து, தலைமயிரைப் பறித்துக்கொண்டு காட்டில் நின்றுவிடுகிறார். ஓராண்டு அசையாமல் நிற்கிறார். காலைச் சுற்றிப் புற்று எழுகிறது, கொடி படர்கிறது. ஆனாலும் ஞானம் கைகூடவில்லை. தமக்கு முன்பே துறவு பூண்ட தம்பியரைப் பார்த்தால் வணங்க வேண்டியிருக்கும் என்ற தயக்கம் உள்ளே இருந்ததால்தான் தந்தையிடம் போகாமல் தனியே நின்றார். சகோதரியர் பிராமியும் சுந்தரியும் வந்து, "யானையைவிட்டு இறங்கு" என்று மட்டும் சொல்கிறார்கள். எந்த யானை என்று யோசித்தவருக்குத் தம் செருக்கு விளங்குகிறது. தம்பியரை வணங்கக் காலை எடுத்த மாத்திரத்தில் ஞானம் வருகிறது. சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் நிற்கும் அவரது சிலையைத் திகம்பரர் எழுப்பினார்கள். அவர்களது மரபில் காரணம் சற்றே வேறுபடும், ஆனால் ஓராண்டு நின்றும் உள்ளே ஒரு முள் மிச்சமிருந்தது என்பதில் மாற்றமில்லை. கொடி படரும்வரை நின்றதற்கு அந்தக் கதையில் தனி மதிப்பெண் கிடையாது. ஒரு காலடிக்குத்தான் பயன் கிடைத்தது.

கவுந்தியடிகளும் ஓர் இடத்தில் சினந்தார். உறையூர்ச் சோலையில் கோவலனையும் கண்ணகியையும் கேலி பேசிய இருவரை நரியாகும்படி சபித்தார். பிறகு கோவலனும் கண்ணகியும் வேண்டிக்கொண்டதால் பன்னிரண்டு மாதம் என்று வரம்பு வைத்தார். நண்டுக்கு இரங்கிய அதே மனம்தான். அவர் அத்துடன் நிற்கவில்லை. மதுரையில் நடந்ததைக் கேள்விப்பட்டபின் அவர் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்டார் என்கிறது காப்பியம். சமணத் துறவி உண்ணாநோன்பில் உயிர் விடுவது மரபுக்கு ஒத்ததுதானே என்று நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். மரபின் விதியை எடுத்துப் பார்த்தால் அப்படிக் கடக்க முடியாது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாது நோற்று உயிர் விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. எழுத்தின் அமைதியைக் கொண்டு கி.பி. 6ஆம் நூற்றாண்டு அளவினது என்பார்கள். அதே குன்றில் முப்பது நாள் நோற்ற இன்னொருவரின் கல்வெட்டும் உண்டு. இந்த நோன்புக்குச் சல்லேகனை என்று பெயர். தப்ப முடியாத ஆபத்து, பஞ்சம், முதுமை, தீராநோய் ஆகிய நிலைகளில், இனி அறநெறியில் நிற்க உடம்பு உதவாது என்றானபின், ஆசிரியரின் ஒப்புதலோடு, முதலில் திட உணவையும் பின்பு பாலையும் மோரையும் கடைசியில் நீரையும் படிப்படியாக விடுவார்கள். சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இல்லறத்தாருக்கான தம் நூலில் இந்த நோன்பைக் கெடுக்கும் ஐந்து குற்றங்களைச் சொல்கிறார்: இன்னும் வாழ ஆசைப்படுதல், சாவு விரைவில் வர ஆசைப்படுதல், அச்சம், நண்பரை நினைத்தல், மறுமையில் பயன் வேண்டுதல். சாவை விரும்புவதே குற்றமாகிறது. அன்புக்குரியவரை எண்ணி ஏங்குவதும் குற்றமாகிறது. இந்த அளவுகோலை வைத்தால், பிள்ளைகளாக எண்ணியவர்களின் துயரம் தாங்காமல் உயிர் விட்ட கவுந்தியடிகளின் நோன்பு தேறாது. மகன்மாரோடு மூண்ட பகையால் வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனுடையதும், நட்புக்காக அவனருகே வந்திருந்த பிசிராந்தையாருடையதும் தேறா. அவை மானத்தின், நட்பின் மரணங்கள். அவற்றின் அழகு வேறு. இளங்கோவடிகளும் இதை அறியாமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நோன்பின் விதிப்படி தவறிய ஒரு துறவியைத்தான் அவர் காப்பியத்தில் வைத்திருக்கிறார், நாமும் அவரை விரும்புகிறோம்.

இதே சல்லேகனை 2015இல் நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு பொதுநல வழக்கில் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் ஆகஸ்ட் 10 அன்று இதைத் தற்கொலைக்கு ஒப்பானது என்றும், செய்பவரும் துணை நிற்பவரும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309, 306 பிரிவுகளின் கீழ் வருவார்கள் என்றும் தீர்ப்பளித்தது. நாடெங்கும் சமணர்கள் அமைதி ஊர்வலம் போனார்கள். அதே மாதம் 31ஆம் தேதி உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அப்போது நடந்த விவாதங்களில் ஒரு தரப்பு மதச் சுதந்திரம் என்றது, மறுதரப்பு உயிர்வாழும் உரிமை என்றது. பின்கட்டில் படுத்திருந்த அத்தையை அறிந்த எனக்கு இரண்டுமே போதவில்லை. 1872இல் பிறந்த ஆசார்ய சாந்திசாகர், இருபதாம் நூற்றாண்டில் திகம்பர முனிவர் மரபுக்கு மீண்டும் உயிர் கொடுத்தவர், 1955இல் குந்தல்கிரியில் சல்லேகனை ஏற்றார். பார்வை மங்கிவிட்டது, காலடியில் இருக்கும் உயிரைப் பார்த்து நடக்க முடியவில்லை, கையில் விழுந்த உணவைப் பார்த்து உண்ண முடியவில்லை. அவருடைய முடிவை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அதே நோன்பை, மருத்துவச் செலவுக்கு அஞ்சும் ஒரு வீட்டில், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்று உணரும் ஒரு மூதாட்டி ஏற்றால், வாசலில் மாலையோடு கூட்டம் கூடினால், மூன்றாம் நாள் "கொஞ்சம் கஞ்சி கொடு" என்று கேட்கும் துணிவு அவருக்கு இருக்குமா என்பதே என் கேள்வி. சட்டத்தால் இதை வெளியிலிருந்து அளக்க முடியாது. அருகில் இருக்கும் ஒருவர்தான் அளக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும்.

அப்படி ஒருவர் இருந்ததாக மரபுக் கதை ஒன்று சொல்கிறது; அதுவும் ஐந்து குற்றங்களைப் பட்டியலிட்ட சமந்தபத்திரரைப் பற்றியே. துறவு பூண்ட சில காலத்தில் அவருக்குப் பஸ்மகம் என்ற தீராப்பசி நோய் வந்தது. எவ்வளவு உண்டாலும் எரித்துவிடும் பசி. ஒரு வேளை கையேந்தி உண்ணும் முனிவருக்கு அதைவிடப் பெரிய இடையூறு இருக்க முடியாது. சல்லேகனை ஏற்க அனுமதி தருமாறு அவர் ஆசிரியரிடம் கேட்டார். ஆசிரியர் மறுத்துவிட்டார். உனக்கு ஆயுள் இருக்கிறது, உன்னால் ஆக வேண்டிய வேலை இருக்கிறது, முனிவர் கோலத்தைக் களைந்துவிட்டுப் போய் நோய் தீரும்வரை நன்றாக உண் என்று அனுப்பினார். சமந்தபத்திரர் பீலியை வைத்துவிட்டு, வேறு வேடம் பூண்டு, காஞ்சியில் ஒரு சிவன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நாள்தோறும் படைக்கப்பட்ட சோற்றையெல்லாம் உண்டு பசியைத் தணித்துக்கொண்டார் என்கிறது கதை. நோய் தீர்ந்தபின் ஆசிரியரிடம் திரும்பி வந்து மீண்டும் தீட்சை பெற்றார். உண்ணாமல் சாவதற்கான விதிகளை எழுதியது அதற்கப்புறம்தான் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்.